கழுதைக்குக் கோயில்: ஒரு படமும் ஒரு பல்லவ நாடகமும்

பொங்கல் விடுமுறையில் பெரியப்பாவை உட்கார வைத்து ஜான் ஆபிரகாமின் ‘அக்கிரகாரத்தில் கழுதை’ படத்தை லேப்டாப்பில் போட்டேன். அவருக்கு எண்பது வயது. செங்கல்பட்டு பக்கம் பாலாற்றங்கரையில் எங்கள் ஊர்க் கோயிலின் உற்சவக் கணக்கை முப்பது வருஷம் எழுதியவர். முக்கால்வாசிப் படத்தில் எழுந்துவிட்டார்.

“நம்மள கேவலப்படுத்தணும்னே எடுத்திருக்கான். வேற மதத்துக்காரன் வேற. இதுக்கு அவார்டு!”

நான் பதில் சொல்லவில்லை. அவர் கோபம் நடிப்பில்லை என்று தெரியும். ஆனால் அவர் எழுந்த இடம்தான் படத்தின் முக்கியமான திருப்பம். அதிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்கியது.

படம் தெரியாதவர்களுக்குக் கதைச் சுருக்கம். நாராயணசாமி என்ற கல்லூரிப் பேராசிரியர் தாயை இழந்த ஒரு கழுதைக் குட்டியை எடுத்து வளர்க்கிறார். கல்லூரியில் கேலி. வேறு வழியில்லாமல் தன் கிராமத்து அக்கிரகாரத்துக்குக் கொண்டுபோய், உமா என்ற வாய் பேசாத பெண்ணிடம் ஒப்படைக்கிறார். ஊரில் எது நடந்தாலும் பழி கழுதை மேல். உமாவுக்கு இறந்து பிறந்த குழந்தை கோயில் வாசலில் கிடக்க, அதற்கும் கழுதைதான் காரணம் என்று முடிவு கட்டி, ஆள் வைத்து அடித்துக் கொல்ல வைக்கிறார்கள். இந்த இடத்தில்தான் பெரியப்பா எழுந்தது.

அதன் பிறகு ஊரில் வரிசையாக நல்லது நடக்கிறது. எல்லாம் கழுதையின் மகிமை என்று பேச்சு கிளம்புகிறது. கொன்றவர்களே அதற்கு முறைப்படி சம்ஸ்காரம் செய்ய வேண்டும், கோயில் கட்ட வேண்டும் என்கிறார்கள். கடைசியில் தீ.

1977ல் வந்த இந்தப் படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. தமிழ்ப் பத்திரிகைகள் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. 1989-90 வாக்கில் தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாக இருந்து, சர்ச்சை வரும் என்று பயந்து ரத்து செய்தது. ஜான் 1987லேயே இறந்துவிட்டார்.

பிரெஞ்சு இயக்குநர் ராபர்ட் பிரெஸ்ஸோன் 1966ல் எடுத்த ஒரு படத்தின் பாதிப்பு இதில் உண்டு என்பது எல்லோரும் சொல்வது. அதிலும் ஒரு கழுதைதான் நாயகன். கை மாறி கை மாறி அடிபட்டு, கடைசியில் ஆட்டு மந்தை நடுவே சாகிறது. அதை இயேசுவின் பாடுகளோடு சேர்த்து வாசிப்பார்கள். அப்படியானால் ஜான் அந்தக் கிறிஸ்தவக் கதையைத்தான் தமிழில் எடுத்தாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் எடுத்தது நம்முடைய கதை.

அநியாயமாகக் கொல்லப்பட்டவர் தெய்வமாவது தமிழ்நாட்டின் மிகப் பழைய மதக் கதை. முத்துப்பட்டன், மதுரை வீரன், காத்தவராயன் என்று பட்டியல் நீளும். முத்துப்பட்டன் பிராமணன், சக்கிலியர் குலப் பெண்களை மணந்தவன். கதை வடிவம் ஒன்றுதான்: சமூகம் போட்ட கோட்டை ஒருவர் தாண்டுகிறார், கொல்லப்படுகிறார், பிறகு ஊர் பயந்து கும்பிடுகிறது. ஜான் இந்த வடிவத்தை அப்படியே எடுத்து, வீரன் இருக்கும் இடத்தில் கழுதையை வைத்தார். சாமியைக் கேலி செய்யவில்லை. ஒரு சாமி எப்படி உருவாகிறது என்று காட்டினார்.

ஏன் கழுதை? இதற்கும் நம்மிடம் பழைய கணக்கு இருக்கிறது. தோற்ற மன்னனின் நிலத்தைக் கழுதை பூட்டி உழுது அவமானப்படுத்தும் வழக்கம் புறநானூற்றில் பதிவாகியிருக்கிறது. தவ்வைக்கு, அதாவது மூதேவிக்கு, காக்கைக் கொடி, கழுதை வாகனம். இன்று ‘மூதேவி’ என்பது வசவு. ஆனால் காஞ்சி கைலாசநாதர் கோயிலில் ஜேஷ்டைக்குச் சிற்பம் இருக்கிறது. ஒரு காலத்தில் வழிபட்ட தெய்வத்தை நாமே பிறகு வெளியே தள்ளினோம். படத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர்ப் பயணம்.

சரி, “வேற மதத்துக்காரன்” என்ற குற்றச்சாட்டு. ஜான் கேரளத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர், உண்மை. ஆனால் திரைக்கதை வெங்கட் சாமிநாதன். தஞ்சைப் பக்கத்து பிராமணக் குடும்பம். நாராயணசாமியாக நடித்ததும் இசையமைத்ததும் எம்.பி. ஸ்ரீநிவாசன். உள்ளிருந்து எழுந்த குரலும் அந்தப் படத்தில் உண்டு. இதைச் சொன்னபோது பெரியப்பா, “அப்ப இன்னும் மோசம்” என்றார்!

மறுநாள் காலை மனசு ஆறாமல் பைக்கை எடுத்துக்கொண்டு வல்லம் போனேன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் சாலையில் மூன்று கிலோமீட்டர்தான். குன்றின் மேல் சின்னக் குடைவரை. தூண் கல்வெட்டில், மகேந்திரவர்மனின் அடியான் வயந்தப்பிரி அரைசரின் மகன் கந்தசேனன் செய்வித்த கோயில் என்று இருக்கிறது. மன்னனுக்குப் பகாப்பிடுகு, லளிதாங்குரன், குணபரன் என்று பட்டங்கள்.

இதே மகேந்திரன்தான் ‘மத்தவிலாசப் பிரஹசனம்’ எழுதியவன். காஞ்சிபுரம் பக்கத்து தூசி மாமண்டூர் கல்வெட்டில் அந்த நாடகத்தின் பெயர் வருகிறது (ஹைவேயில் பஸ் நிற்கும் மாமண்டூர் அல்ல). கதை அவன் காலத்துக் காஞ்சியில் நடக்கிறது. குடிபோதையில் ஒரு காபாலிகன் தன் கபாலத்தைத் தொலைக்கிறான். பௌத்த பிக்கு திருடிவிட்டதாகச் சண்டை. பாசுபதன் பஞ்சாயத்துக்கு வருகிறான். உண்மையில் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய். நடுவே அந்தக் காபாலிகன் கள்ளுக்கடையை வேள்விச் சாலையோடு ஒப்பிடுகிறான். சுமார் 1400 வருஷத்துக்கு முன்னால், சிவனுக்குக் குடைவரை எடுத்த ஒருவன் எழுதியது இது!

மகேந்திரன் மன்னன், அவன் நாடகத்துக்கு யார் தடை போட முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கப்புறம் நடந்ததுதான் என்னை யோசிக்க வைத்தது. பல்லவர்கள் போனார்கள், காபாலிகர்களும் போனார்கள். நாடகம் கேரளத்தில் பிழைத்தது. 1917ல் திருவனந்தபுரத்தில் அச்சேறியது. அங்கே சாக்கியார்கள் மத்தவிலாசத்தைக் கோயிலில் கூத்தாக ஆடுகிறார்கள், அதுவும் பிள்ளை வரம் வேண்டுபவர்கள் நேர்ந்துகொள்ளும் வழிபாடாக. சாமியார்களைக் கிண்டல் செய்த நாடகம் சாமிக்கே காணிக்கை ஆகிவிட்டது. கழுதைக்குக் கோயில் கட்டுவதாக ஜான் காட்டியது ரொம்பவும் கற்பனை இல்லை என்று வல்லம் படியில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது.

ஆனால் அந்த நாடகத்துக்கு நூற்றாண்டுகள் கிடைத்தன. திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் இருந்தார்கள், ஒரு தலைமுறை கோபப்பட்டிருந்தாலும் அடுத்தது சிரித்திருக்கும். நம் படத்துக்கு டிவியில் ஒரு சாயங்காலம்கூடக் கிடைக்கவில்லை. பார்த்துவிட்டுத் திட்டும் வாய்ப்பைக்கூட பெரியப்பா மாதிரி ஆட்களுக்கு நாம் கொடுக்கவில்லை. தலைப்பை மட்டும் கேட்டுக் கோபப்படத்தான் விட்டோம். எனக்கு இழப்பாகத் தெரிவது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவை மாமல்லபுரம் கூட்டிப்போனேன். அர்ஜுனன் தபசுப் பாறையில், ஒற்றைக்காலில் தவம் செய்யும் முனிவரின் அதே போஸில், கீழே ஒரு பூனை இரண்டு கையையும் தூக்கி நிற்கிறது. காலடியில் எலிகள். பெரியப்பா அம்பது வருஷமாகப் பார்க்கும் சிற்பம். குழந்தை மாதிரி சிரித்தார்.

“இதைச் செதுக்கினவனை யாரும் ஒண்ணும் சொல்லலியா பெரியப்பா?”

கொஞ்ச நேரம் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். “அது வேற, இது வேறடா” என்றார். காரில் ஏறும்போது, “அந்தக் கழுதைக்கு அப்பறம் கோயில் கட்டினாளா?” என்று கேட்டார்.

மீதிப் படத்தை இந்த வாரம் போட்டுக் காட்டுவதாக இருக்கிறேன். மாமண்டூர் கல்வெட்டைப் பற்றி அடுத்த பதிவில் தனியாக எழுதுகிறேன்.