காலடியில் கிடந்த வெயில்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இரண்டு இழைகள் அருகருகே கிடந்தால் முடிச்சுப் போடாமல் அவனால் இருக்க முடியாது. சரித்திரத்துக்கு அந்த அவசரம் கிடையாது. இதை எனக்கு உணர்த்தியவர் கெல்வின் பிரபு.

முதல் இழை, 1837-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஸ்காட்லாந்தில் எடின்பரோப் பேராசிரியர் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் ஒரு விசித்திரமான காரியம் செய்தார். மூன்று இடங்களில் குழி தோண்டி நீண்ட உஷ்ணமானிகளைப் புதைத்தார். ஓரிடம் கால்டன் குன்றின் எரிமலைப் பாறை. மற்றோரிடம் தோட்டத்து மணல். மூன்றாவது கிரெய்க்லீத் கல்குவாரியின் மணற்கல். ஆழம் 3, 6, 12, 24 பிரெஞ்சு அடிகள். வாரம் தவறாமல் அளவு குறிக்கப்பட்டது.

கிடைத்த விடை ருசியானது. கோடை வெயில் தரைக்குள் ஓடுவதில்லை, நடந்துதான் போகிறது. குன்றின் பாறையில் 24 அடி இறங்க அதற்குச் சுமார் 6 மாதம்! மேலே குளிர்காலம் நடக்கும்போதுதான் கீழே கோடை. அதுவும் மிக லேசான கோடை. மார்கழி விடியலில் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருப்பதும் தரையின் இந்த நிதானத்தால்தான். மணற்கல்லிலோ உஷ்ணம் விரைவாக இறங்கிவிட்டது. ஒரே ஊர், ஒரே வெயில்; ஆனால் மண்ணுக்கு மண் குணம் வேறு.

இரண்டாவது இழை, 1852. கிளாஸ்கோவில் 28 வயதுப் பேராசிரியர் வில்லியம் தாம்ஸன், கட்டடங்களைச் சூடாக்குவதும் குளிர்விப்பதும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஏற்றம் போட்டு நீர் இறைப்பதுபோல, வெளியேயுள்ள உஷ்ணத்தை இயந்திரத்தால் வீட்டுக்குள் இறைக்கலாம். வேண்டாதபோது வெளியே இறைக்கலாம் என்றார். இவர்தான் பிற்காலத்துக் கெல்வின் பிரபு.

1860-இல் ஃபோர்ப்ஸின் கணக்குகளை இதே தாம்ஸன் கையில் எடுத்தார். 'இதோ முடிச்சு விழப்போகிறது!' என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். விழவில்லை. அவர் பூமியின் வயதைக் கணக்கிடப் போய்விட்டார். 1862-இல், 2 கோடி ஆண்டுக்கும் 40 கோடி ஆண்டுக்கும் இடையே இருக்கும் என்றார். உண்மையில் சுமார் 450 கோடி. வயதும் தவறிற்று, காலடியில் கிடந்த பொருளும் கண்ணில் படவில்லை. ஆனால் கரி தாராளமாகக் கிடைத்த தேசத்தில், மண்ணைத் தோண்டி உஷ்ணம் தேட வேண்டுமென்று யாருக்குத்தான் தோன்றும்?

முடிச்சு விழ 60 ஆண்டு ஆயிற்று. 1912-இல் ஸ்விட்ஸர்லாந்தின் ஹைன்ரிக் ஸோலி, மண்ணிலிருந்தே உஷ்ணம் இறைக்கும் யோசனைக்குக் காப்புரிமை பெற்றார். 1938-இல் ஸூரிச் நகர மண்டபம், பக்கத்து லிம்மாத் ஆற்றிலிருந்து உஷ்ணம் இறைத்துக் குளிர் காயத் தொடங்கியது.

இன்று ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில், எந்தத் தெருவின் அடியில் எவ்வளவு உஷ்ணம் எடுக்கலாம் என்று வர்ணம் தீட்டிய படங்கள் தயாராகின்றன. அவை வெறும் அலங்காரமல்ல. தெரு முழுவதும் அளவறியாமல் இறைத்தால் அடிமண் குளிர்ந்துவிடும். அண்டை வீட்டுக்காரனின் பங்கும் போய்விடும். கிணறு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஃபோர்ப்ஸ் யார் வீட்டையும் சூடாக்குவதற்காகக் குழி தோண்டவில்லை. ஆனாலும் அந்தப் படம் வரைகிறவர்கள் முதலில் கேட்பது அவருடைய கேள்வியைத்தான்: 'இந்த இடத்து மண் என்ன மண்?'