களிம்பு

பழைய பத்திரிகைகளை பைண்டு செய்து வைத்தவர்கள் விளம்பரப் பக்கங்களைக் கிழித்தெறியாமல் விட்டது நமக்கு லாபம். ஜம்மி லிவர்க்யூர் விளம்பரத்தை அவற்றில் பார்த்திருப்பீர்கள். ஒரு மருந்துக்கு அத்தனை இடம் என்றால், அத்தனை தாய்மார்களின் வயிற்றில் அந்தப் பயம் இருந்தது என்று அர்த்தம்.

ஒன்று, இரண்டு வயதுக் குழந்தை. விளையாடிக் கொண்டிருந்தது சிடுசிடுக்கும்; வயிறு உப்பும்; விலாவுக்குக் கீழே ஈரல் கல்லாகத் தட்டுப்படும். கண் மஞ்சளித்துவிட்டால் பெரும்பாலும் சில மாதங்கள்தான். 1887-இல் கல்கத்தாவில் சென் என்ற டாக்டர் இதைப் பற்றி எழுதினார். பிறகு 90 வருஷம் காரணம் பிடிபடவில்லை. ஒரே வீட்டில் இரண்டு குழந்தை அடுத்தடுத்துப் போனால் வம்ச தோஷம் என்றார்கள். தாய்ப்பாலில் குற்றம் என்று நாமக்கல் பக்கத்துக் கிழவிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்தவள் அதற்கு என்ன பதில் சொல்வாள்?

பதில் அடுப்பின் மேலேயே இருந்தது. 1970-களின் கடைசியில், இறந்த குழந்தைகளின் ஈரலில் அளவுக்கு மீறிய செம்பு இருப்பது தெரிந்தது. புனா டாக்டர்களும் ஆங்கில டாக்டர்களும் சேர்ந்து ஆராய்ந்து 1983-இல் லான்செட் பத்திரிகையில் எழுதினார்கள்: இந்தக் குழந்தைகளுக்கு மிகச் சீக்கிரமே மாட்டுப்பால் புகட்டியிருக்கிறார்கள்; அதைக் காய்ச்சி வைத்தது பித்தளையிலும் செம்பிலும்.

புளியும் மோரும் பித்தளையில் களிம்பேறும் என்று நம் பாட்டிகளுக்குத் தெரியும். அதற்காகத்தான் ஈயம் பூசுகிறவனைத் தெருவில் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். பால் புளிப்பல்லவே! ஆனால் பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் செம்பைப் பிடித்துக்கொள்ளும். நிறமும் மாறாது, ருசியும் மாறாது. பச்சிளம் ஈரலுக்கு அதை வெளியேற்றச் சக்தி போதாது. ஈரலின் அணுக்கள் சாகின்றன. அந்த இடத்தை நார் அடைக்கிறது. அந்த நாருக்குள் புது ரத்தக் குழாய்கள் முளைத்தும் பயனில்லை; பிழைத்திருக்கும் அணுக்களைத் தொடாமலே ரத்தம் ஒதுங்கிப் போகிறது. அந்த நாரின் பெரும்பகுதி கொலாஜன். அதன் முறுக்கு அமைப்பை 1954-இல் கண்டு சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை.

நம் நாட்டுக்கே உரிய சாபம் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதியில் 1900 முதல் 1974 வரை 138 குழந்தைகள் இதே மாதிரி மாண்டன. அங்கேயும் ஈயம் பூசாத செம்புப் பாத்திரம், அங்கேயும் பசும்பால்.

சேலத்து உருக்காலை கஞ்சமலை அடிவாரத்தில் எவர்சில்வர் தகடு செய்து விற்கத் தொடங்கியது 1982-இல். அதற்கு முன்பே எவர்சில்வர் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. தேய்க்க வேண்டாம், ஈயம் வேண்டாம் என்றுதான் பெண்கள் அதை வாங்கினார்கள். ஈரலை யாரும் நினைக்கவில்லை. பித்தளை பரணுக்குப் போயிற்று. 1990-களில் நோய் அநேகமாக மறைந்தது. ஆனால் அதே பாலைக் குடித்து வளர்ந்த எத்தனையோ குழந்தைகளுக்கு ஏன் ஒன்றும் நேரவில்லை? பிறவியிலேயே ஏதோ ஒரு பலவீனமும் சேர்ந்திருக்க வேண்டும் என்கிற டாக்டர்கள் இன்றும் உண்டு.