காசிச்செட்டியின் இரு பதிவேடுகள்

கடலுக்கும் புத்தளக் களப்புக்கும் இடையே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் குடாநாட்டிலே ஆலங்குடாவும் கற்பிட்டியும் உள்ளன. மீனும் உப்பும் வாழ்வாதாரமாயிருந்த இக்கரையிற்றான், கற்பிட்டியில், 1807ஆம் ஆண்டு சைமன் காசிச்செட்டி பிறந்தார். இலக்கிய மாணவர் அவரைத் ‘தமிழ் புளூட்டாக்’ (1859) ஆசிரியராகவே அறிவர். அவர் புத்தளத்து மணியகாரராகவும் சட்டநிரூபண சபை அங்கத்தவராகவும் சிலாபத்து நீதிபதியாகவும் விளங்கியமை பெரும்பாலும் அடிக்குறிப்போடு நின்றுவிடுகிறது. அவ்வுத்தியோக வாழ்வை விலக்கிவிட்டு அந்நூலை விளங்கிக்கொள்ளுதல் அரிது என்பதே எமது கருத்து.

1833இல் அமைக்கப்பட்ட சட்டநிரூபண சபையில் உத்தியோகப்பற்றற்றோர் அறுவர், தமிழருக்கென ஓரிடம். அதனை நிரப்பியவர் தேசாதிபதியே, மக்களல்லர். 1838இல் காசிச்செட்டி அவ்விடத்தைப் பெற்றார். கோப்பித் தோட்டங்களுக்கு நிலம் வேண்டப்பட்ட காலம் அது. உரிமை நிறுவப்படாத காட்டு நிலங்களை முடிக்குரியனவாகக் கருதிய 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அவர் அங்கத்தவராயிருந்த காலத்திலேயே பிறந்தது. 1845இல் சபையை விட்டுச் சிவில் சேவையிற் சேர்ந்தார். அதில் இடம்பெற்ற முதல் இலங்கையர் அவரே. 1860இல் காலமானார்.

ஆளப்படும் நாட்டை அறிந்துகொள்ளுதல் குடியேற்ற அரசின் இன்றியமையாத் தேவை. ஊர்களையும் ஆறுகளையும் மக்களையும் ஆங்கில எழுத்து வரிசையில் நிறுத்திய ‘சிலோன் கசற்றியர்’ (1834) அத்தேவைக்கு உதவியது. கால் நூற்றாண்டின் பின் புலவர்களையும் அவர் அதே வரிசையில் நிறுத்தினார். இம்முறைக்கு ஒரு முற்போக்கான பக்கமும் உண்டு என்பதை மறுத்தலாகாது. தெய்வப் புலவரும் எளிய புலவரும் அகரவரிசையிற் சமமாயினர். தமிழகமும் ஈழமும் ஒரே ஏட்டில் இணைந்தன. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் ‘பாவலர் சரித்திர தீபகம்’ (1886) இவ்வழியிலேயே எழுந்தது. ஆயினும் கசற்றியரைப் போலவே புளூட்டாக்கும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டது. தமிழ்ப் புலவர் வரலாறு தமிழ் மட்டும் அறிந்தோரை எட்டவில்லை.

இன்னொன்றும் நோக்கற்பாலது. கரையோர மக்களை அவர் மறந்தாரல்லர். பரவர் வரலாறு பற்றிய அவரது கட்டுரையொன்று 1837இலேயே இலண்டன் றோயல் ஆசியக் கழகச் சஞ்சிகையில் வெளிவந்தது. ஆனால் அம்மக்கள் அங்கே ஒரு சாதியாக, வழக்காறுகளின் தொகுதியாகவே காட்சியளிக்கின்றனர். கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடல்கள் அவர் பிறந்த கரைக்கு அந்நியமானவையல்ல. உழைப்பின் மூச்சோடு பிறக்கும் பாடல்கள் அவை. பெயரறியப்பட்ட புலவருக்கே இடமளித்த புளூட்டாக்கில் அவற்றைப் பாடியோருக்கு இடமில்லை.