தாராவிக்கு வந்த மாத்திரை

1890-ஆம் ஆண்டு பம்பாய் நகராட்சி ஆணையராக இருந்த ஹாரி அர்பத்நாட் ஆக்வொர்த், தெருவில் பிச்சையெடுத்து வாழ்ந்த தொழுநோயாளிகளைத் திரட்டி மாட்டுங்காவில் ஒரு புகலிடத்தில் சேர்த்தார். மாட்டுங்கா அப்போது நகரம் வந்து சேராத வடக்கு ஓரம். வீடற்ற தொழுநோயாளர் புகலிடம் என்று அதற்குப் பெயர். நோயாளிகளே நிலத்தில் பயிர் செய்தார்கள், கழிவுநீரையே பாய்ச்சினார்கள். 1897 வாக்கில் மலக்கழிவுத் தொட்டியிலிருந்து வெளியேறிய வாயுவைப் பிடித்து அங்கே எஞ்சின் ஓட்டியிருக்கிறார்கள். உயிரி எரிவாயுவின் வரலாற்றை எழுதும் பொறியியல் நூல்கள் மாட்டுங்காவைக் குறிப்பிடுவது இதனால்தான். எல்லாம் இருந்தது, நோய்க்கு மருந்துதான் இல்லை.

தொழுநோய் ஒரு நுண்கிருமியால் வருகிறது என்பதை நார்வே மருத்துவர் ஹான்சென் 1873-லேயே கண்டுவிட்டார். அது எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதில்தான் குழப்பம். ஹவாய்த் தீவில் நோயாளிகளோடு வாழ்ந்த பாதிரியார் டேமியன் 1889-இல் அதே நோயால் இறந்தபோது ஐரோப்பா பதறியது. அந்தப் பதற்றத்தின் விளைவாக லண்டனிலிருந்து ஓர் ஆணையம் இந்தியாவுக்கு வந்து, 1890–91-இல் ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்தது. நோய் தொற்றும், ஆனால் மிகச் சிறிய அளவிலேயே தொற்றும், நோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்து அடைக்க இது போதிய காரணமல்ல என்பது அதன் முடிவு. அரசு அந்த முடிவை ஏற்கவில்லை. 1898-இல் வந்த தொழுநோயாளர் சட்டம், ஆதரவற்ற நோயாளிகளைப் பிடித்துப் புகலிடத்தில் அடைக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. ஆய்வு ஒன்று சொல்ல, பயம் வேறொன்று செய்தது. அந்தச் சட்டம் முழுதாக ஒழிய 2016 வரை ஆயிற்று.

1940-கள் வரை, கையில் இருந்த முக்கியச் சிகிச்சை எண்ணெய்தான். தமிழ்நாட்டு நாட்டு வைத்தியர்கள் நீரடிமுத்து என்று அறிந்த விதையும் அதன் இனத்தைச் சேர்ந்த பிற விதைகளும் பிழியப்பட்டு, அந்த எண்ணெய் ஊசியாகத் தோலுக்கடியில் ஏற்றப்பட்டது. வலி கடுமை, பலன் நிச்சயமில்லை. 1941-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் கை ஃபேஜட் சல்ஃபோன் வகை மருந்தான புரோமினை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். புண்கள் ஆறத் தொடங்கின. ஆனால் அதை ரத்தக்குழாய் வழியே ஏற்ற வேண்டியிருந்தது, விலையும் அதிகம். அதன் மூலப்பொருளான டாப்சோன் ஜெர்மனியில் 1908-இலேயே தயாரிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் யாரும் கவனிக்காமல் கிடந்தது. 1940-களின் நடுவில் செங்கற்பட்டில் பணியாற்றிய ராபர்ட் காக்ரேன் அதை எண்ணெயில் கலந்து ஊசியாகப் போட்டுச் சோதித்தார். நைஜீரியாவில் ஜான் லோ அதையே மாத்திரையாகக் கொடுத்து வெற்றி கண்டார். மலிவான, வாயில் போட்டு விழுங்கக்கூடிய மருந்து வந்த பிறகு, மதிலுக்குள் ஒருவரை வைத்திருக்க மருத்துவக் காரணம் வேகமாகக் குறைந்தது.

அந்தக் காலத்தில் சென்னையில் நடந்த வேறொரு ஆய்வையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 1956-இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் 193 நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்தது. ஒரு குழுவுக்குச் சானடோரியத்தில் நல்ல உணவு, ஓய்வு, மருந்து. மற்றக் குழுவுக்கு நெருக்கமான ஏழை வீடுகளிலேயே மருந்து. 1959-இல் வெளிவந்த முடிவில் இரண்டிலும் குணமானவர்கள் ஏறத்தாழ ஒரே அளவு. வீட்டாருக்கு நோய் தொற்றியதிலும் பெரிய வேறுபாடு இல்லை. நோய் வேறென்றாலும், மருந்து ஒழுங்காகப் போனால் வீடே போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அன்று உலகில் எங்கும் இல்லை.

டாப்சோனுக்கு ஒரு பெரிய குறை இருந்தது. பல ஆண்டுகள், சிலருக்கு ஆயுள் முழுக்க, தினமும் விழுங்க வேண்டும். இடையில் நிறுத்தியவர் உடலில் மிஞ்சிய கிருமிகள் மருந்துக்குப் பழகிக்கொண்டன. தொழுநோய்க் கிருமியை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்க்க முடியாது என்பதால் இதை நிரூபிப்பதே பெரும்பாடாக இருந்தது. 1960-இல் சார்ல்ஸ் ஷெப்பர்ட் எலியின் பாதத்தில் அதை வளர்த்துக் காட்டினார். 1964-இல் பெட்டிட்டும் ரீஸும் மலேசிய நோயாளிகளிடம் டாப்சோனுக்கு மசியாத கிருமி இருப்பதை அந்த எலிப்பாதச் சோதனையாலேயே உறுதி செய்தார்கள். 1970-இல் ரிஃபாம்பிசின் என்ற மருந்து இந்தக் கிருமியை மிக விரைவாகக் கொல்வது தெரியவந்தது. இந்தக் கிருமி ஒருமுறை இரண்டாகப் பிளக்கவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். ஆகவே விலை உயர்ந்த ரிஃபாம்பிசினைத் தினமும் கொடுக்கத் தேவையில்லை; மாதம் ஒருமுறை 600 மில்லிகிராம் போதும், அதையும் சுகாதாரப் பணியாளர் கண்ணெதிரே விழுங்கவைக்கலாம். இந்தக் கணக்கின் மேல்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 1981-ஆம் ஆண்டு ஆய்வுக் குழு கூட்டு மருந்துச் சிகிச்சையை அமைத்தது. கிருமி குறைந்தவர்களுக்கு ரிஃபாம்பிசினும் டாப்சோனும் ஆறு மாதம். கிருமி மிகுந்தவர்களுக்கு இவற்றோடு குளோஃபாசிமின் சேர்த்து இரண்டு ஆண்டு, பின்னாளில் ஓராண்டு.

மாத்திரை தயார். அதை மாதந்தோறும் கொண்டுசேர்க்க வேண்டிய மிகக் கடினமான இடங்களில் ஒன்று தாராவி. மாட்டுங்காவுக்குப் பக்கத்திலேயே, மாஹிம் ஓடைச் சதுப்பைத் தூர்த்து எழுந்த குடியிருப்பு அது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பதனிடும் கொட்டகைகளில் வேலை செய்தவர்கள், குஜராத்திக் குயவர்கள், மராத்தியர், உத்தரப்பிரதேசத்தார் என்று பத்துக்குப் பத்து அறைகளில் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தார்கள். தமிழ்நாடு, ஆந்திரம், மகாராஷ்டிரம் மூன்றும் அன்று தொழுநோய் மிகுந்த மாநிலங்கள். கிருமி உடலில் புகுந்து அடையாளம் காட்ட ஐந்து ஆண்டும் ஆகலாம், இருபது ஆண்டும் ஆகலாம். ஊரில் தொற்றிய நோய் தாராவியில் தேமலாக வெளிப்படுவதும், அதை மறைத்தபடியே ஒருவர் வேலைக்குப் போய்வருவதும் சாதாரணமாக நடந்தன.

மருத்துவர் ஆர். கணபதி 1976-இல் பம்பாய் தொழுநோய்த் திட்டம் என்ற தன்னார்வ அமைப்பைத் தொடங்கினார். சயான்–சூனாபட்டியில், செம்பூருக்குப் போகும் சாலையில் அதன் அலுவலகம். தாராவி அதன் முக்கியக் களங்களில் ஒன்று. நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று காத்திருந்தால் கை மடங்கிய பிறகுதான் வருவார் என்பதை உணர்ந்து, நகராட்சிப் பள்ளிகளிலேயே அவர் தேடலைத் தொடங்கினார். ஒரு குழந்தையின் முதுகில் தேமல் கண்டால் அந்த வீட்டில் பெரியவர் ஒருவருக்கு நோய் இருக்கக்கூடும். பம்பாய்ப் பள்ளிகளில் நடத்திய இந்தக் கணக்கெடுப்புகள் 1976-இல் லண்டனின் தொழுநோய் ஆய்விதழில் வெளியாயின. 1983-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

தேமல் எல்லாம் தொழுநோய் அல்ல. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் தேமலையும் அதன் பக்கத்துத் தோலையும் மாறி மாறித் தொடுவார்கள். தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும். தேமலின் மேல் தொட்டது தெரியவில்லை என்றால் சந்தேகம் உறுதியாகும். அடுத்து முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். கிருமி எவ்வளவு என்று அறியக் காதுமடலை இரு விரலால் இறுக்கிப் பிடித்து, ரத்தம் வற்றி வெளுத்த இடத்தில் கத்தி முனையால் ஐந்து மில்லிமீட்டர் நீளம் கீறி, அதே முனையைத் திருப்பி உள்விளிம்பைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் தடவுவார்கள். சாயமேற்றிய தகட்டில் சிவப்புக் குச்சிகள் தெரிந்தால் எண்ணி, பூஜ்யத்திலிருந்து ஆறு வரை மதிப்புக் கொடுப்பார்கள்.

மாத்திரைகள் நான்கு வார அட்டையாக வந்தன. முதல் நாள் மாத்திரை பணியாளர் முன்னிலையில். மற்ற 27 நாள் மாத்திரை வீட்டில். ரிஃபாம்பிசின் விழுங்கிய அன்று சிறுநீர் சிவக்கும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ரத்தம் என்று பயந்து மருந்தை நிறுத்திவிடுவார்கள். குளோஃபாசிமின் தந்த தொல்லை இன்னும் பெரியது. அது சாயப் பொருள் வகையைச் சேர்ந்தது. தோலில் படிந்து முகத்தைச் செங்கறுப்பாக்கும். நோயை மறைத்து வாழ்பவருக்கு மருந்தே காட்டிக்கொடுத்தது. சிகிச்சை முடிந்த பின் பல மாதங்களில் நிறம் மெல்லத் திரும்பும் என்று எடுத்துச் சொல்லியே பலரைத் தொடர வைக்க வேண்டியிருந்தது. கோடையில் ஊருக்குப் போகிறவர்களுக்கு அட்டைகளை முன்கூட்டியே கொடுத்தனுப்பாவிட்டால் சிகிச்சை அறுந்துவிடும்.

கிருமி செத்ததும் மனிதர் நலமானார் என்று ஆய்வாளர்கள் கணக்கு முடித்ததுதான் இந்த வரலாற்றின் பெரிய குறை. செத்த கிருமிகளின் எச்சத்தை எதிர்த்து உடல் பொங்கும்போது நரம்புகள் வீங்கி, சில நாட்களில் கை மரத்துப்போகும், கால் தொங்கும். அந்த நேரத்தில் வீக்கத்தைத் தணிக்கும் பிரெட்னிசோலோன் கிடைத்தால் நரம்பைக் காக்கலாம். தவறினால் ஊனம் நிலைத்துவிடும். மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை மூலம் நிமிர்த்தும் முறையை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் 1940-களின் இறுதியிலிருந்து வளர்த்தார். விரல் நிமிரும், உணர்ச்சி திரும்பாது. கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்ததே தெரியாத கையோடு வாழ்நாள் முழுக்கக் கவனமாக இருக்க அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும். பதிவேட்டில் ‘சிகிச்சை முடிந்தது’ என்று எழுதப்பட்ட பிறகுதான் இந்த வேலையின் பெரும்பகுதி தொடங்குகிறது.

தடுப்பூசிக்கான தேடலும் பம்பாயிலிருந்தே கிளம்பியது. பரேலில் இருந்த இந்தியப் புற்றுநோய் ஆய்வு மையத்தில் 1958-இல் தொழுநோயாளியின் திசுவிலிருந்து ஒரு கிருமி வளர்க்கப்பட்டது. ஆய்வாளர் கமல் ரணதிவேயின் பெயர் இந்தப் பணியோடு சேர்த்துப் பேசப்படுகிறது. அதிலிருந்து மாதவ் தேவ் உருவாக்கிய தடுப்பூசி, 1991-இல் செங்கற்பட்டுப் பகுதியில் வேறு மூன்று ஊசிகளோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது. ஏறக்குறைய 1,71,000 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். பம்பாய் ஊசி 65.5 சதவீதம் பாதுகாப்புத் தந்தது; காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. மட்டும் போட்டவர்களுக்கு 34.1. ஆயினும் நோய் வேகமாகக் குறைந்துவந்த அந்நேரத்தில் அது நாடு தழுவிய திட்டமாக மாறவில்லை.

2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற அளவை இந்தியா தேசிய அளவில் எட்டியது. புதிய நோயாளிகள் வருவது நிற்கவில்லை. இப்போது ஆய்வின் கவனம் நோயாளியின் பக்கத்தில் வாழ்பவர்மேல் இருக்கிறது. வங்கதேசத்தில் நடந்த சோதனையில், நோயாளியோடு பழகுபவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுத்தபோது முதல் இரண்டு ஆண்டுகளில் அவர்களிடம் நோய் 57 சதவீதம் குறைந்தது. 2018-இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. இந்தியத் திட்டமும் ஏற்றுக்கொண்டது. வீட்டாருக்கு மாத்திரை கொடுப்பது எளிது. ஒரே சுவரைப் பகிரும் பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்க வேண்டுமானால், இந்தச் சந்தில் யாருக்கோ நோய் என்பது வெளியாகிவிடும். அதனால் நோயாளி சம்மதித்த பிறகே அக்கம்பக்கத்தாரிடம் போக வேண்டும், அப்போதும் அவர் பெயரைச் சொல்லக் கூடாது. காசநோய்க்கான அறிகுறி இல்லை என்று பார்த்த பிறகே மாத்திரையைத் தர வேண்டும்.