அம்மானும் அங்கிளும்

மயிலாப்பூரின் மாட வீதிகளை ஒட்டிய பழைய வைணவ இல்லங்களில் தாயின் உடன்பிறந்தானை 'அம்மான்' என்றும் அவர் மனைவியை 'அம்மாமி' என்றும் அழைப்பது நெடுநாளைய வழக்கம். அம்மானின் மகள் 'அம்மங்கா', மகன் 'அம்மாஞ்சி'. 'அம்மான் சேய்' என்பது பேச்சில் தேய்ந்தே அம்மாஞ்சி ஆயிற்று என்பர். பின்னர் அச்சொல் சூதுவாது அறியாதவனைக் குறிக்கும் கேலிச்சொல்லாகவும் திரிந்து, உறவுப்பொருள் பலருக்கு மறந்துபோனது பெரிய இழப்பு. தேவாரமும் நாலாயிரமும் இறைவனையே அம்மான் என்கின்றன; ஈழத்தமிழரிடம் தாய்மாமன் இன்றும் அம்மான்தான்.

பழைய ஆங்கிலத்திலும் இவ்வுறவுக்குத் தனிச்சொல் இருந்தது. தந்தையின் உடன்பிறந்தானுக்கு வேறொரு பெயர் வழங்க, தாய்மாமன் மட்டும் 'ஏயம்' எனப்பட்டான். 'பேவுல்ஃப்' காப்பியத்தில் சிகமண்ட் தன் மருமகன் ஃபிட்டலாவுக்கு இம்முறையினனே. ஜெர்மானியக் குடிகளில் உடன்பிறந்தாள் மகனைப் பெற்ற தந்தைக்கு நிகராகத் தாய்மாமனும் போற்றுவான் என்று ரோமானிய ஆசிரியர் டாசிடஸ் கி.பி. 98 அளவில் எழுதியிருப்பது, தமிழ்நாட்டு ஊர் ஒன்றைக் கண்டு எழுதியதைப் போலவே இருக்கிறது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு வழியாக வந்த 'அங்கிள்' இருவகை உறவையும் மெல்லமெல்லத் தனக்குள் அடக்கிக்கொண்டது. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் 'ஈம்' என்ற வடிவில் பழஞ்சொல்லை ஆண்டிருப்பினும், அது பின்னாளில் வட்டார வழக்காக ஒடுங்கியது. வியப்பு என்னவெனில், அங்கிளுக்கு மூலமான 'அவுன்குலஸ்' என்னும் லத்தீன் சொல், 'சிறு பாட்டன்' என்ற அமைப்புடையதாய், முதலில் தாய்மாமனை மட்டுமே குறித்தது.

ஆங்கிலேயர் தொலைத்த அந்த வேறுபாடு தமிழரிடம் நிலைத்ததற்குக் காரணம் மணமுறை: பெரியப்பா, சித்தப்பா மக்கள் உடன்பிறப்புகளாகவும், அம்மான் மக்கள் மணம் கொள்ளத்தக்க முறையினராகவும் கருதப்பட்டமையால், இருவரையும் ஒரே பெயரால் அழைத்தால் கொள்வினை கொடுப்பினையே குழம்பியிருக்கும். இன்று தியாகராய நகரிலும் அடையாற்றிலும் அடுக்ககக் குழந்தைகள் பக்கத்து வீட்டாரையும் சித்தப்பாவையும் மாமாவையும் வேறுபாடின்றி 'அங்கிள்' என்கின்றனர். ஆயினும் அந்தணர் திருமணங்களில் மாலை மாற்றும் வேளை வந்ததும், வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மணப்பெண்ணைத் தோளில் தூக்க முன்வருபவர் அவளுடைய அம்மானே. எதிர்ப்பக்கம் மாப்பிள்ளையைத் தூக்கி நிற்பவரும் அவனுடைய அம்மானே.