மூலக்கூறும் அதன் ஆசிரியனும்: கிளிவெக் வழக்கை முன்வைத்து

காப்புரிமை ஆவணத்தை ஒரு பிரதியாக வாசிக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. அது வக்கீல் சமாச்சாரம், இல்லாவிட்டால் விஞ்ஞானி சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் அதன் மையத்தில் இருப்பது நமக்குப் பழகிய கேள்விதான்: ஒன்றை ஆக்கியவன் யார், எதுவரை அது அவனுடையது? ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்தை ஒட்டிச் சென்னையில் தொடங்கி, 2013இல் தில்லியில் முடிந்த வழக்கை இந்தக் கேள்வியோடு வாசிக்க விரும்புகிறேன். 'ஏழை நாடு ஜெயித்தது, பன்னாட்டுக் கம்பெனி தோற்றது' என்று நாம் சொல்லிவரும் கதை பொய்யில்லை, போதாது, அவ்வளவுதான்.

முதலில் மருந்து. 1960இல் ஃபிலடெல்ஃபியாவில் நோவெலும் ஹங்கர்ஃபோர்டும் நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயாளிகளின் செல்களில் வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதன் விளைவு அது என்று 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த ஒட்டு ஜீனிலிருந்து பிறக்கும் நொதி ஓயாமல் இயங்குவதே நோயின் மூலம் என்பது 1980களில் துலங்கியது. நொதியில் ஒரு பள்ளம். அதில் பொருந்தி அடைக்கிற மூலக்கூறு வேண்டும். பாசல் நகரின் சீபா-கெய்கி கம்பெனியில் யூர்க் சிம்மர்மன் அதைப் படிப்படியாகக் கட்டினார். ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்ததும் அது வேறொரு நொதியைத் தொடுவது நின்றது. பைப்பரசின் வளையத்தைச் சேர்த்ததும் நீரில் கரைந்தது. அதுதான் இமாட்டினிப். மருத்துவர் பிரையன் ட்ரூக்கர் விடாப்பிடியாக நின்று அதை நோயாளிகளிடம் கொண்டுபோனார். 2001 மே மாதம் அமெரிக்க அரசு அனுமதித்தது.

40 ஆண்டுகளாகப் பலர் கை மாற்றி எழுதிய பிரதி இது. ஆசிரியன் என்று கையெழுத்திடும் உரிமை மட்டும் ஒரு கம்பெனிக்கு. 1996இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டில் சீபா-கெய்கியும் சாண்டோஸும் இணைந்து நோவார்ட்டிஸ் ஆயின.

இந்தியாவில் அந்த மூலக்கூறுக்கு அப்படிக் கையெழுத்திட வழியில்லை. காலனிய அரசின் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் காப்புரிமைகளில் மிகப் பெரும்பாலானவை அயலார் கையில் இருந்ததையும், அவற்றைக் கொண்டு இங்கே உற்பத்தி நடக்காததையும் நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார் 1959ஆம் ஆண்டு அறிக்கையில் எடுத்துக் காட்டினார். அதை ஒட்டி வந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம் மருந்தின் செய்முறைக்குக் காப்புரிமை தந்தது. மருந்துப் பொருளுக்குத் தரவில்லை. உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததன் விலையாக 2005 ஜனவரி 1 முதல் பொருளுக்கும் தரவேண்டியதாயிற்று. அப்போது இடதுசாரிகளின் நெருக்குதலுக்கிடையே நாடாளுமன்றம் 3(டி) பிரிவைத் திருத்தியமைத்தது: அறிந்த பொருளின் புதிய வடிவம், அறிந்த 'எஃபிகஸி'யைக் கூட்டவில்லையென்றால் அது கண்டுபிடிப்பு ஆகாது.

நோவார்ட்டிஸ் 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் கேட்டது இமாட்டினிபை அல்ல. அதன் மெசிலேட் உப்பின் பீட்டா படிகத்தை. மூலநூல் கை நழுவிவிட்டது, பாடபேதமாவது சொந்தமாகட்டும் என்கிற கணக்கு. நோவார்ட்டிஸின் மருந்துக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகளின் மருந்துக்கு 8,000 முதல் 10,000. புற்றுநோயாளிகளுக்காக இயங்கும் ஓர் அமைப்பும் இந்தியக் கம்பெனிகளும் ஆட்சேபித்தன. 2006 ஜனவரியில் விண்ணப்பம் தள்ளுபடியானது.

3(டி) தெளிவற்றது, அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று நோவார்ட்டிஸ் சென்னை உயர்நீதிமன்றம் போனது. 2007 ஆகஸ்டில் அதை நிராகரித்த இரு நீதிபதிகளில் ஒருவர் பிரபா ஸ்ரீதேவன், பின்னாளில் ஆர். சூடாமணியையும் இமையத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்தவர். 'எஃபிகஸி'க்குப் பொருள் தேடி நீதிமன்றம் ஒரு மருத்துவ அகராதியைத்தான் புரட்டியது. நோயைக் குணப்படுத்தும் திறன் என்று பொருள் கொண்டது. ஒரு சொல்லுக்கு எந்த உரையைக் கொள்வது என்பதில் ஆயிரக்கணக்கானோரின் மாத்திரை தொங்கிக்கொண்டிருந்தது.

2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றம் அந்த உரையையே உறுதிசெய்தது. படிகம் எளிதில் உதிர்ந்து ஓடுகிறது, ஈரம் குறைவாக உறிஞ்சுகிறது என்பதெல்லாம் தயாரிப்பவனுக்கு வசதி; நோயாளியைக் குணப்படுத்துவதில் கூடுதல் இல்லை. உடலில் 30 விழுக்காடு அதிகம் சேர்கிறது என்பதும் போதாது, அதனால் குணம் கூடியதைக் காட்ட வேண்டும் என்றது. உரிமை கோரும்போது உப்புகளையும் சேர்த்து வளைத்துப் போட்டுவிட்டு, அவற்றை நான் வெளிப்படுத்தவில்லை என்று பிறகு சொல்ல முடியாது என்றும் சொன்னது. பாடபேதம் கண்டவன் நூலாசிரியன் ஆகமாட்டான் என்பதைத் தமிழ்ப் பதிப்புலகம் ஏற்கெனவே அறியும்.

நான் கவனிக்க விரும்புவது தீர்ப்பு தொடாத இடத்தை. அது பாடபேதத்தை மறுத்தது. ஆசிரியன் என்கிற கருத்தாக்கத்தை அப்படியே விட்டுவைத்தது. கிளிவெக் தப்பியது, அதன் மூல மூலக்கூறு 1995க்கு முந்தியது என்கிற காலத் தற்செயலால். அதன்பின் கட்டப்பட்ட மூலக்கூறுகளுக்கு 20 ஆண்டு முழு உரிமை உண்டு. அங்கே 3(டி) பேசாது. விலையும் அந்தச் சொல்லின் பொருளுக்குள் வரவில்லை. எதிரே நின்ற இந்தியக் கம்பெனிகளும் தர்மஸ்தாபனங்கள் அல்ல; அவர்கள் லாபமும் நோயாளியின் தேவையும் அன்று ஒரே பக்கம் நின்றன, என்றும் நிற்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

ஆகவே மிச்சமிருப்பது வாசிப்புதான். காப்புரிமை வழங்குமுன் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. பெடாகுவிலின் என்கிற காசநோய் மருந்தின் உப்பு வடிவத்தைக் காட்டி உரிமையை 2027 வரை நீட்டக் கேட்ட விண்ணப்பம் 2023 மார்ச்சில் தள்ளுபடியானது. ஆட்சேபித்தவர்களில் காசநோயிலிருந்து மீண்ட இரு பெண்கள் இருந்தார்கள், ஒருவர் இந்தியர், மற்றவர் தென்னாப்பிரிக்கர். மறு ஆண்டே, 2024 மார்ச்சில், ஆட்சேபம் விசாரிக்கத் தக்கதா என்று அதிகாரி முதலில் முடிவு செய்வார், கட்டணமும் உண்டு என்று விதிகள் திருத்தப்பட்டன. இதற்கு நம் பத்திரிகைகளில் எத்தனை பக்கம் ஒதுக்கினோம்? பிரதியை மறுவாசிப்புச் செய்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் நாம், படிக்கும் உரிமையே சுருங்குகிற இந்த இடத்தில் பேசாமல் இருப்பது எப்படி?