பியூட்டைல் செல்லோசால்வ்

கிளைக்கால் ஈதர் குடும்பத்தைச் சேர்ந்த தொழில்துறைக் கரைப்பான். வேதியியல் பெயர் 2-பியூட்டாக்சிஎத்தனால். எத்திலீன் கிளைக்கால் மோனோபியூட்டைல் ஈதர் என்றும் எழுதுவர். தலைப்பில் உள்ள பெயர், அமெரிக்காவின் கார்பைடு அண்டு கார்பன் கெமிக்கல்ஸ் நிறுவனம் 1920களில் இந்த வகைக் கரைப்பான்களுக்கு வைத்த வணிகப் பெயரிலிருந்து வந்தது. பெயிண்ட், அச்சு மை, தோல் மெருகுப்பூச்சு, தரையும் கண்ணாடியும் துடைக்கும் திரவங்கள், உலோகப் பாகங்களின் கிரீஸ் நீக்கிகள் ஆகியவற்றில் பரவலாகச் சேர்க்கப்படுகிறது.

பண்புகள்

நிறமற்ற நீர்மம்; லேசான இனிப்பு வாடை உண்டு. 171 டிகிரி செல்சியசில் கொதிக்கும். ஒரு லிட்டர் ஏறத்தாழ 900 கிராம் எடை இருக்கும். மிக மெதுவாக உலரும்: ஒரே அளவு பியூட்டைல் அசிடேட் ஆவியாகும் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு இல்லை. மூலக்கூறின் ஒரு முனையில் நான்கு கார்பன் கொண்ட கொழுப்பு நாட்டமுள்ள தொடர். மறுமுனையில் நீரோடு ஒட்டும் ஆல்கஹால் தொகுதி. நடுவே ஈதர் ஆக்சிஜன். இதனால்தான் எண்ணெயையும் நீரையும் ஒரே கலவையில் சேர்த்துவைக்கிறது.

நீரோடு இது கலக்கும் விதம் தனிக் கவனம் பெறத் தக்கது. அறை வெப்பத்தில் எந்த விகிதத்திலும் முழுமையாகக் கலக்கும். ஒரு பங்கு கரைப்பானுக்கு மூன்று பங்கு நீர் என்ற அளவில் ஒரு சோதனைக் குழாயில் எடுத்து வெந்நீரில் அமிழ்த்தினால், 49 டிகிரியை ஒட்டித் தெளிந்த கலவை சட்டென்று பால்போல் கலங்கும். சற்று விட்டால் இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கும். குழாயை வெளியே எடுத்து ஆறவிட்டால் கலங்கல் மறைந்து பழையபடி தெளியும். பெரும்பாலான பொருள்கள் சூடேறினால் கூடுதலாகக் கரைய, இது பிரிகிறது. ஈதர் ஆக்சிஜனை நீரோடு பிணைத்திருந்த ஹைட்ரஜன் பிணைப்புகள் வெப்பத்தில் அறுந்துபோவதே காரணம். அழுத்தத்தில் வைத்து மேலும் சூடாக்கினால் ஏறக்குறைய 130 டிகிரியில் இரண்டு அடுக்கும் மறுபடி ஒன்றாகிவிடும். கரைதிறன் வரைபடத்தில் இது மூடிய வளையமாக அமைகிறது. நீர்மக் கலவைகளின் கொள்கையைச் சோதிக்க விரும்பிய இயற்பியலாளர்கள் பலர் இந்தக் கலவையை எடுத்துக்கொண்டுள்ளனர்.

தோற்றம்

பிரெஞ்சு வேதியியலாளர் சார்ல் அடோல்ஃப் வூர்ட்ஸ் 1850களில் எத்திலீன் கிளைக்காலையும், 1859இல் எத்திலீன் ஆக்சைடையும் தயாரித்தார். அடுத்த அறுபது ஆண்டுகளில் இவ்விரண்டுக்கும் பெரிய தொழில்துறைப் பயன் ஏதும் உண்டாகவில்லை.

நிலைமையை மாற்றியது மோட்டார் கார். 1920களுக்கு முன் கார் உடலுக்கு வண்ணம் பூசி உலர்த்த வாரக்கணக்கில் ஆகும். டூபாண்ட் நிறுவனம் 1923இல் கொண்டுவந்த டூக்கோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் இதைச் சில நாட்களுக்குள் அடக்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1924ஆம் ஆண்டு ஓக்லண்ட் கார்களை அதில் நீல நிறத்தில் வெளியிட்டது. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ஸ்ப்ரே வேலையை இன்றும் ‘டூக்கோ’ என்று சொல்வது அந்தப் பெயரின் எச்சமே. ஆனால் நைட்ரோசெல்லுலோசைக் கரைக்கும் விரைவுக் கரைப்பான்களுக்கு ஒரு குறை இருந்தது. அவை ஆவியாகும்போது பூச்சு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, மெருகு வெண்மூட்டமாக வெளுத்துவிடும். மழைநாளில் தொல்லை இன்னும் கூடுதல். மெதுவாக ஆவியாகி, கடைசி வரை நின்று, படிந்த ஈரத்தையும் தன்னோடு இழுத்துச் செல்லும் ஒரு கரைப்பான் தேவைப்பட்டது. இப்பணிக்குச் சேர்ப்பதைப் பெயிண்டர்கள் ரிடார்டர் என்பர். கிளைக்கால் ஈதர்கள் தொழிலுக்குள் நுழைந்த வாசல் இதுதான்.

இம்மூலக்கூறின் பியூட்டைல் பகுதிக்கும் ஒரு முன்கதை உண்டு. முதல் உலகப் போரில் பிரிட்டனுக்கு வெடிமருந்து செய்ய அசிட்டோன் தேவைப்பட்டது; பின்னாளில் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவரான சைம் வைஸ்மன், மாவுப்பொருளைப் பாக்டீரியா கொண்டு புளிக்கவைத்து அதைத் தயாரிக்கும் வழியைக் கண்டார். அந்தப் புளிப்பில் அசிட்டோனைவிடப் பியூட்டனால்தான் அதிகம் வந்தது. போர்க்காலத்தில் அதற்குக் கேட்பாரில்லை. போர் முடிந்து லேக்கர் தொழில் எழுந்ததும், வேண்டாத துணைவிளைபொருள் முதன்மைப் பொருளானது. எத்திலீன் ஆக்சைடையும் பியூட்டனாலையும் வினையூக்கியின் துணையோடு வினைபுரியச் செய்தால் பியூட்டைல் செல்லோசால்வ் கிடைக்கும். கூடவே பியூட்டைல் கார்பிட்டால் என்ற சற்றுக் கனத்த கரைப்பானும் கிடைக்கும். இன்றும் முறை அதுவே. மூலப்பொருள்கள் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருகின்றன. இந்தியாவில் காசிப்பூர் ஆலை ஒன்று கரும்பு ஆலைக் கழிவுப்பாகிலிருந்து பெறும் ஆல்கஹாலைக் கொண்டு எத்திலீன் ஆக்சைடும் கிளைக்கால் ஈதர்களும் செய்கிறது.

உடன்பிறப்புகள்

இக்கரைப்பானின் வரலாற்றை இதன் இரு மூத்த உறவுகளை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. அவை ஒரு கார்பன் தொடர் கொண்ட மெத்தில் செல்லோசால்வும், இரு கார்பன் தொடர் கொண்ட எத்தில் செல்லோசால்வும்.

1930களில் நியூயார்க்கில் ஆண்கள் சட்டைக் காலரின் அடுக்குகளை மெத்தில் செல்லோசால்வ் கலந்த கரைப்பானில் நனைத்து, சூடாக அழுத்தி ஒட்டினர். அங்கு வேலை செய்தவர்களுக்குத் தூக்கக் கலக்கம், மறதி, கைநடுக்கம், சோகை ஆகியவை கண்டன. 1938இல் மருத்துவ இதழ்களில் இது பதிவானது. அதன் பிறகும் அக்கரைப்பான் நாற்பதாண்டுகளுக்கு மேல் தாராளமாகப் புழங்கியது. 1979இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மெத்தில், எத்தில் ஈதர்கள் ஆண் சுண்டெலிகளின் விந்தகங்களைச் சுருக்குவதை அறிவித்தனர். பியூட்டைல் ஈதரில் அவ்விளைவு தெரியவில்லை. 1983இல் அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு ஆய்வு நிறுவனம் இவ்விரண்டையும் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது.

எத்தில் ஈதரின் அசிடேட், சிப்பு ஆலைகளில் ஒளியுணர் பூச்சுக்குக் கரைப்பானாக இருந்தது. 1980களின் நடுவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹட்சன் ஆலையில் நடந்த ஆய்வு, அங்கு வேலை செய்த பெண்களிடையே கருச்சிதைவு கூடியிருப்பதைக் காட்டியது. 1992இல் முடிந்த இரு பெரிய ஆய்வுகளும் அதே பக்கமே சாய்ந்தன. ஆலைகளில் ஒரே நேரத்தில் பல இரசாயனங்கள் புழங்கியதால், இந்த ஈதர்கள் மட்டும்தான் காரணமா என்பதில் கருத்து வேறுபாடு நீடித்தது. ஆலைகள் புரோப்பிலீன் கிளைக்கால் ஈதர்களுக்கு மாறின. பெயிண்ட், துப்புரவுத் திரவத் துறைகளில் மூத்தவை விட்ட இடங்களுள் பலவற்றைப் பியூட்டைல் செல்லோசால்வ் பிடித்துக்கொண்டது.

எலி இரத்தமும் மனித இரத்தமும்

பியூட்டைல் ஈதரின் நச்சு வேறு வழியில் செல்கிறது. உடலில் இது பியூட்டாக்சிஅசிட்டிக் அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் எலியின் சிவப்பணுக்களை வீங்கச் செய்து உடைக்க, சிறுநீர் கருஞ்சிவப்பாகிறது. முதிர்ந்த அணுக்களே முதலில் உடையும். எனவே ஒருமுறை பிழைத்த எலி, புதிய அணுக்கள் உண்டானதும் அடுத்த அளவைத் தாங்கிக்கொள்கிறது. எலி, சுண்டெலி, முயல் ஆகியவற்றின் இரத்தம் எளிதில் பாதிக்கப்படும். கினியெலி, நாய், மனிதன் ஆகியோரின் இரத்தம் அப்படியன்று. 1956இல் வெளியான ஆய்வில், மனிதர்கள் இதன் ஆவியைச் சில மணி நேரம் சுவாசித்தபோது கண்ணும் மூக்கும் எரிந்தனவே தவிர, சிவப்பணுக்கள் உடையவில்லை. பிற்காலத்தில் அரிவாளணு நோயாளிகளின் இரத்தத்தைச் சோதனைக் குழாயில் வைத்துப் பார்த்தபோதும் அது தாங்கியது. ஆயினும் கண்ணாடி துடைக்கும் திரவத்தைக் குடித்தவர்கள் நினைவிழந்து, இரத்தம் அமிலமாகி மருத்துவமனை சேர்ந்த நிகழ்வுகள் உண்டு. எனவே ‘மனிதருக்குத் தீங்கில்லை’ என்று படிப்பது தவறு.

2000இல் வெளியான அமெரிக்க அரசு ஆய்வு சுண்டெலிகளில் கட்டிகளைக் கண்டது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை வகைப்படுத்தப் போதிய சான்றில்லாத 3ஆம் பிரிவில் வைத்தது. 2004இல் அமெரிக்கா தன் அபாயகரக் காற்று மாசுப் பட்டியலிலிருந்து இதை நீக்கியது.

பிற்காலம்

1989 அலாஸ்கா எண்ணெய்க் கசிவில் கரைகளில் தெளித்த இனிப்போல் என்ற உரக்கலவையிலும், 2010 மெக்சிகோ வளைகுடாக் கசிவில் பயன்படுத்திய கோரெக்சிட் 9527 என்ற எண்ணெய் சிதறடிப்பானிலும் இது இருந்தது. துப்புரவுப் பணியாளர்களுக்கு வந்த நோய்களில் இதன் பங்கு எவ்வளவு என்பது முடிவாகாத வழக்கு.

தோல் வழியே நுழைவது பற்றியும் ஒருமித்த கணக்கு இல்லை. ஆவி சூழ்ந்த அறையில் இருப்பவர் ஏற்கும் அளவில் முக்கால் பங்கு தோல் வழியே போகிறது என்றது 1991இல் வந்த ஸ்வீடன் ஆய்வு. பின்னர் செய்த மறுகணக்கு அதைக் கால் பங்கு அளவுக்குக் குறைத்தது. நீர்மம் நேரடியாகத் தோலில் பட்டால் உள்ளே செல்லும் என்பதில் மட்டும் ஐயமில்லை. அமெரிக்கச் சட்டம் எட்டு மணி நேர வேலைக்குக் காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு வரை அனுமதிக்கிறது. 1983இல் எச்சரிக்கை விடுத்த அதே ஆய்வு நிறுவனம் 5 பங்குக்கு மேல் கூடாது என்கிறது. டின்னின் மேல் தின்னர், கிளீனர் என எந்தப் பெயர் இருந்தாலும், பாதுகாப்புத் தரவுத் தாளில் 111-76-2 என்ற பதிவெண் இருந்தால் உள்ளே இருப்பது இந்தக் கரைப்பானே. அதைக் கையாள்வோருக்கு முகக்கவசம் மட்டும் போதாது. பியூட்டைல் ரப்பர் கையுறையும் தர வேண்டும்.